கைமாறிய யார்க் டியூபா

வெட்டித் திருத்திய பழைய டியூபாவுக்கு அமெரிக்காவில் கடைவிலை என்று ஒன்று கிடையாது. புது வாத்தியத்துக்கு விலைப்பட்டியல் உண்டு. கைபடாத பழைய வாத்தியத்துக்கும், அதே வகையில் இன்னொன்று எவ்வளவுக்குப் போனது என்று விசாரித்து ஒரு மதிப்புச் சொல்லிவிடலாம். ஒருவர் தன் மூச்சுக்கும் கைக்கும் ஏற்றபடி குழலை வெட்டி, வால்வு கூட்டி, மவுத்பீஸ் செருகும் வாய்க்குழலை மாற்றி வைத்துக்கொண்ட டியூபாவுக்கு இன்னொரு ஜோடி இருக்காது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. கடைக்காரர்கள் அதை எடுத்து வைக்கத் தயங்குவார்கள். இப்படிப்பட்ட வாத்தியங்கள் வாசிப்பவர்களுக்குள்ளேயேதான் கைமாறுகின்றன. 1990-களின் நடுவில் மிச்சிகன் மாநிலத்தில், ஊர்ப் பேண்டு ஒன்றில் வாசித்துவந்தவர் தம் யார்க் டியூபாவை விற்றார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் வாசித்துவந்த இக்கட்டுரையாளருக்கு அந்த விற்பனையை முதலிலிருந்து கடைசிவரை உடனிருந்து பார்க்க வாய்த்தது.

டியூபா, பித்தளை வாத்தியங்களில் மிகத் தாழ்ந்த சுருதி கொண்டது. 1835-இல் பெர்லினில் ராணுவ பேண்டு இசையைக் கவனித்துவந்த வில்ஹெல்ம் வீப்ரெக்டும், வாத்தியம் செய்பவரான யோஹான் மோரிட்ஸும் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். அவர்களுடைய டியூபா எஃப் சுருதியில் இருந்தது. பிறகு நாட்டுக்கு நாடு வழக்கம் பிரிந்தது. அமெரிக்காவில் பள்ளிக்கூட பேண்டுகளிலும் ஊர்ப் பேண்டுகளிலும் பி ஃபிளாட் டியூபா நிலைபெற்றது. சிம்பனி இசைக்குழுக்களில் அதைவிட ஒரு முழுச்சுரம் உயர்ந்த சி டியூபா இடம்பிடித்தது. பி ஃபிளாட் டியூபாவின் சுருளைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 18 அடி வரும். சி டியூபா 16 அடி. இந்த இரண்டடி வேறுபாட்டிலிருந்துதான் ‘வெட்டிய டியூபா’ என்ற வகையே பிறந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் பேண்டுகளை நம்பி ஓடின. அங்கே பெரிய வயிறும் அகன்ற வாயும் கொண்ட பி ஃபிளாட் டியூபாக்கள் ஏராளமாக வந்தன. அதே உடற்கட்டில் சி டியூபாக்கள் அரிதாகவே வந்தன. சிம்பனியில் வாசிக்க நினைத்தவருக்கு அந்த அமெரிக்க நாதம் வேண்டும், சுருதியோ சி-யாக இருக்க வேண்டும். பழைய பி ஃபிளாட் டியூபாவை வாங்கி, கைதேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து இரண்டடியைக் குறைப்பதே கைக்கெட்டிய வழி.

வெட்டுவது கேட்பதற்கு எளிது. டியூபாவின் குழல், வால்வுகளைத் தாண்டியதும் சிறிது சிறிதாக அகன்றுகொண்டே போய், நாகசுரத்தின் அணசைப் போல விரியும் பெல்லில் முடிகிறது. ஓரிடத்திலேயே இரண்டடியை அறுத்தெடுத்தால் மிஞ்சும் இரு முனைகளின் விட்டமும் பொருந்தாது. பொருத்தினாலும் நடுவில் ஒரு படி விழும். அந்தப் படி நாதத்தையும் சுருதியையும் கெடுக்கும். அதனால் நல்ல கைகள் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வளைவுகளை மாற்றி, அகலம் ஒரே சீராக ஏறும்படி பார்த்துக்கொள்ளும். வால்வுகளின் கிளைக்குழல்களையும் அதே விகிதத்தில் குறைத்தாக வேண்டும். நான்காம் வால்வின் குழலில் சுமார் 8 அங்குலம் போகும். இரண்டாம் வால்வில் ஒன்றரை அங்குலம்கூடப் போகாது. இந்தச் சிறு அளவுகளில் பிசகினால் விரலால் அதைச் சரிக்கட்ட முடியாது.

யார்க் என்ற பெயருக்கு டியூபாக்காரர்களிடையே தனி மதிப்பு உண்டு. மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் ஜேம்ஸ் யார்க் தொடங்கிய கம்பெனி அது. 1930-களின் தொடக்கத்தில், பிலடெல்பியா இசைக்குழுவின் நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கியின் விருப்பப்படி, அந்தக் குழுவின் டியூபா வாசிப்பாளர் பிலிப் டொனாடெல்லிக்காக யார்க் கம்பெனி பெரிய சி டியூபாக்கள் இரண்டைச் செய்தது. அவற்றில் ஒன்று டொனாடெல்லியின் உடல்வாகுக்கு ஒத்துவரவில்லை. அவர் அதைத் தம் மாணவருக்கு 175 டாலருக்கு விற்றார். மாணவர் வாரம் 5 டாலராகக் கடனை அடைத்தார். கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அந்த மாணவர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ். 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பனியில் அவர் வாசித்தார். அங்கே அவருடைய கையோடு இருந்தது அந்த யார்க்தான். பின்னர் அது சிகாகோ சிம்பனியின் உடைமையானது. சுவிட்சர்லாந்தின் ஹிர்ஸ்ப்ரூனரும் ஜப்பானின் யமஹாவும் அதை அளந்து பார்த்து அதன் சாயலில் டியூபாக்கள் செய்தன. உடம்புக்குப் பொருந்தாத ஒரு வாத்தியம் ஆசிரியரிடமிருந்து மாணவரிடம் போனதில் ஒரு நாட்டின் டியூபா நாதமே உருப்பெற்றது என்பது மிகையில்லை. மிச்சிகன், சிகாகோ வட்டாரத்தில் கிராண்ட் ராபிட்ஸ் முத்திரையுள்ள எந்த பி ஃபிளாட் டியூபாவைக் கண்டாலும் வெட்டிப் பார்க்கும் ஆசை வருவதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

இங்கே பேசப்படும் யார்க் அந்தப் புகழ்பெற்ற ஜோடிக்குத் தூரத்து உறவு. 1920-களில் பி ஃபிளாட்டில் செய்யப்பட்டது. முன்பக்கமாக அமைந்த நான்கு பிஸ்டன் வால்வுகள். உடம்பெல்லாம் வெள்ளி முலாம். பெல்லில் கையால் செதுக்கிய கொடியும் பூவும், நடுவில் கம்பெனிப் பெயரும் ஊர்ப் பெயரும் இருந்தன. பல ஆண்டுகள் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டும்: பெருவிரல் வளையத்துக்குப் பக்கத்தில் சரக்கு எண் குத்திய சிறிய தகடு ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். அடிவளைவில் ஒடுக்குகள் விழுந்து, நான்காம் வால்வு இறுகிப்போன நிலையில் விற்றவர் அதை 400 டாலருக்கு வாங்கியிருந்தார். பிறகு செய்த வேலைகளுக்கு 3,000 டாலருக்குக் கிட்டச் செலவானது. மூன்று இடங்களில் குழல் வெட்டப்பட்டது. அடிவளைவின் ஒடுக்கெடுத்து, தகடு மெலிந்திருந்த ஓரிடத்தில் உள்ளங்கை அகல ஒட்டுப் போடப்பட்டது. பிஸ்டன்களுக்கு நிக்கல் முலாம் பூசி, உறைகளுக்குள் கச்சிதமாக ஓடும்வரை தேய்த்துப் பொருத்தினார்கள். உடைத்துப் போட்ட ஒரு ஜெர்மானிய டியூபாவின் சுழல்வால்வு ஐந்தாம் வால்வாக வந்து சேர்ந்தது.

அந்த ஐந்தாம் வால்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாங்க வருபவர் முதலில் கேட்பதே அதைத்தான். வால்வை அழுத்தினால் கூடுதல் குழல் ஒன்று காற்றின் வழியில் சேர்கிறது. இரண்டாம் வால்வு அரைச்சுரம் இறக்கும், முதலாவது ஒரு சுரம், மூன்றாவது ஒன்றரை, நான்காவது இரண்டரை. தனித்தனியே அழுத்தும்போது எல்லாம் சரியாக இருக்கும். சேர்த்து அழுத்தும்போதுதான் கணக்கு உதைக்கும். 16 அடிக் குழலில் இரண்டரைச் சுரம் இறங்க வேண்டுமானால் சுமார் 5 அடி 4 அங்குலம் சேர வேண்டும். முதல் வால்வும் மூன்றாம் வால்வும் சேர்ந்து தருவது 5 அடிக்கும் சற்றுக் குறைவு. நாலரை அங்குலம் குறைகிறது. சுரம் ஏறி நிற்கிறது. நான்காம் வால்வு இந்த ஓர் இடத்தைச் சரிசெய்கிறது. அதற்கும் கீழே போகப் போக, ஏற்கெனவே நீண்டுவிட்ட குழலுக்கு மற்ற வால்வுகள் தரும் நீளம் போதாமல் போகும். ஒரு முழுச்சுரத்துக்கு வேண்டியதைவிடச் சற்று நீளமாக வைத்த ஐந்தாம் வால்வு அந்தக் குறையை ஈடுகட்டும். அது இருந்தால் அடிமட்ட எஃப்-உம் அதற்குக் கீழ் உள்ளவையும் உதட்டால் இழுத்துப் பிடிக்காமல் இயல்பாக ஒலிக்கும். யார்க்கில் அந்த வால்வை வலக்கைப் பெருவிரலுக்கு எட்டும்படி வைத்திருந்தார்கள். முதல் வால்வின் ஸ்லைடு மேல்நோக்கி வளைந்து இடக்கைக்கு எட்டும். வாசிக்கும்போதே அதை ஏற்றி இறக்கிச் சுருதி பார்க்கலாம்.

விற்கக் காரணம் தோள்வலி. பெரிய டியூபா பெட்டியில்லாமலே 10 கிலோவுக்கு மேல் கனக்கும். கடினப் பெட்டியோடு மாடி ஏறுவது அவருக்கு முடியாமல் போனது. சிம்பனிக் கச்சேரிகளுக்கு அழைப்பு குறைந்திருந்தது. ஊர்ப் பேண்டிலோ எல்லாரும் பி ஃபிளாட்.

விலை வைப்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். செலவழித்ததையெல்லாம் கூட்டி அதையே விலையாகச் சொல்வது இயல்பான ஆசை. அது நியாயமான கணக்கு அல்ல. பிஸ்டன் வேலை எந்தக் கைக்கும் பயன்படும். அதற்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதியை விலையில் சேர்க்கலாம். ஐந்தாம் வால்வும் அப்படியே. ஒருவருடைய உயரத்துக்கு வளைத்த வாய்க்குழல் அடுத்தவருக்கு உதவாது. சில சமயம் அதை மாற்ற அவர் மேற்கொண்டு செலவழிக்க வேண்டியிருக்கும். வெட்டியதே ஒரு சாராரை விலக்கிவிடுகிறது: பள்ளிகளும் ஊர்ப் பேண்டுகளும் சி டியூபாவைத் தேடுவதில்லை, பழமை சேகரிப்பவர்கள் கைபடாததையே விரும்புவார்கள். மிஞ்சுபவர்கள் சிறிய சிம்பனிகளில் வாசிப்பவர்களும் இசைக்கல்லூரி மாணவர்களும்தான். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து அவர் 3,800 டாலர் என்று வைத்தார். செலவைவிடச் சற்றே கூட. பெயருக்காக ஏற்றிச் சொல்லவில்லை. ‘ஜேக்கப்ஸ் வாசித்த வகை’ என்று ஒரு வார்த்தை போட்டால் விலை கூடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். அவர் அதைப் போட மறுத்தார். அது சரியான முடிவு. பி ஃபிளாட்டாகப் பிறந்து வெட்டப்பட்ட யார்க் வேறு, சி-யாகவே பிறந்த யார்க் வேறு.

செய்தி பரவிய வழிகள் எளியவை. டியூபா, யூஃபோனியம் வாசிப்பவர்களுக்கென்று 1973-இல் தொடங்கிய சங்கத்தின் இதழில் சிறு விளம்பரம், இசைக்கல்லூரி அறிவிப்புப் பலகைகளில் ஒரு தாள், மீதி வாய்ச்சொல். ஹார்வி ஃபிலிப்ஸ் 1974-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் மையத்தில் தொடங்கிய ‘டியூபா கிறிஸ்மஸ்’ அதற்குள் பல ஊர்களுக்குப் பரவியிருந்தது. டிசம்பரில் நூற்றுக்கணக்கான டியூபாக்களும் யூஃபோனியங்களும் ஓரிடத்தில் கூடிக் கிறிஸ்மஸ் பாட்டு வாசிக்கும். இடைவேளையில் ஒருவர் வாத்தியத்தை இன்னொருவர் வாங்கி ஊதிப் பார்ப்பது வழக்கம். யார்க் விற்பனைக்கு வந்திருப்பது அப்படித்தான் பக்கத்து மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

கேட்டவர்களுக்கெல்லாம் அவர் தட்டச்சு செய்த ஒரே தாளை அனுப்பினார். விற்பனைக்காக எழுதப்படும் தாள்களில் அது தனி ரகம். குறைகளே முதலில் இருந்தன: மூன்று வெட்டுகளும் எங்கே, அடிவளைவின் ஒட்டு எவ்வளவு அகலம், வெள்ளி எங்கெங்கே தேய்ந்து பித்தளை தெரிகிறது, ஐந்தாம் வால்வு வேறொரு வாத்தியத்தினுடையது, வாய்க்குழல் ஆறடிக்கு மேற்பட்ட உயரத்துக்கு அமைந்தது. வால்வு எதையும் அழுத்தாமல் வரும் இயற்கை ஒலிகளில் ஐந்தாவதான ஈ தாழ்ந்து நிற்கிறது என்பதையும் எழுதியிருந்தார். எல்லாப் பித்தளைக் குழல்களிலும் அந்த ஒலி சமச்சுருதியைவிட 14 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு, இயல்பாகவே தாழ்ந்திருக்கும். இந்த யார்க்கில் அதையும் தாண்டி இறங்கியது. முதல், இரண்டாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தி, ஆறாவது ஒலியிலிருந்து இறங்கி வந்து அந்த ஈ-யைப் பிடிக்க வேண்டும் என்று மாற்று விரலமைப்பையும் குறித்திருந்தார். பெரிது, சிறிது என்பதைச் சொல்ல அமெரிக்க டியூபாக்காரர்கள் நாலுக்கு நாலு, ஐந்துக்கு நாலு, ஆறுக்கு நாலு என்பார்கள். ஒரு கம்பெனியின் ஐந்து இன்னொன்றின் ஆறாக இருப்பதால், அவர் அந்தக் கணக்கை விட்டுவிட்டுப் பெல்லின் விட்டத்தையும் மொத்த உயரத்தையும் அங்குலத்தில் எழுதினார். இப்படி எழுதுவதில் நேர்மையோடு விவேகமும் இருக்கிறது. டியூபா உலகம் சிறியது. வாங்குபவரின் ஆசிரியர் விற்பவருக்குத் தெரிந்தவராக இருப்பார். மறைத்த ஒட்டு ஒரு மாதத்தில் வெளியே வரும். முன்கூட்டிச் சொன்ன ஒட்டைப் பற்றி யாரும் பேரம் பேச முடியாது. விலையிலேயே அது கழிந்துவிட்டது.

முதலில் வந்தவர் ஊர்ப் பேண்டுக்காரர். நாதம் அவருக்குப் பிடித்தது. ஆனால் பி ஃபிளாட்டுக்குப் பழகிய விரல்கள் சி-யில் ஒவ்வொரு சுரத்துக்கும் தடம் மாறின. புது விரலமைப்பைக் கற்றுக்கொள்ள மனமில்லாமல் போய்விட்டார். அடுத்து வந்த மாணவருக்கு எல்லாம் பொருந்தியது, பணம் பொருந்தவில்லை. மூன்றாவதாக ஓகையோ மாநிலத்தின் ஒரு சிறிய நகரச் சிம்பனியில் வாசிப்பவர் வந்தார். அவருடைய சோதனை முறை பார்த்துக் கற்கத் தக்கது.

ஊதுவதற்கு முன்பே கால்மணி நேரம் பார்த்தார். ஒவ்வொரு ஸ்லைடையும் வால்வை அழுத்தாமல் மெல்ல வெளியே இழுத்து, சில விநாடி பொறுத்து, பிறகு வால்வை அழுத்தினார். உள்ளே காற்று கசியாமல் நின்றிருந்தால் ‘பொப்’ என்று சத்தம் வரும். நான்கும் பேசின, ஐந்தாவது சற்று மெதுவாகப் பேசியது. வாய்க்குழலுக்குள் சிறு விளக்கை விட்டுப் பார்த்தார். எச்சிலின் ஈரம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தைத் தின்னும்போது உலோகம் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்த நோய் வந்த குழலை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இதில் வாய்க்குழல் புதியதாகையால் சுத்தமாக இருந்தது. வெட்டிய மூட்டுகளை விரல் நகத்தால் தடவிப் பார்த்து, வெளியே வழிந்த ஈயம் எங்கும் இல்லை என்று தலையசைத்தார்.

பிறகு பேண்டு ஒத்திகை நடக்கும் பள்ளிக்கூட அரங்கில் வாசித்தார். அடிச்சுரத்திலிருந்து நீண்ட ஒற்றை ஒலிகள், சுருதிமானியைப் பார்க்காமல் ஒரு முறை, பார்த்து ஒரு முறை. அதற்குப் பின்னரே வாக்னரின் ‘மாஸ்டர்சிங்கர்’ முன்னிசையில் டியூபாவுக்குரிய நீண்ட பகுதியும் புரோகோஃபியேவின் ஐந்தாம் சிம்பனியும் வந்தன. அடுத்ததாக அவர் செய்ததைப் பலர் செய்ய மறப்பார்கள். வாத்தியத்தை விற்பவரிடம் கொடுத்து, அதே பகுதிகளை வாசிக்கச் சொல்லி, தாம் அரங்கின் கடைசி வரிசைக்குப் போய் நின்றார். டியூபாவின் வாய் மேலே பார்க்கிறது. வாசிப்பவர் காதில் விழும் நாதமும் கூரையில் பட்டுத் திரும்பி அரங்கை நிறைக்கும் நாதமும் ஒன்றாக இருக்காது. அருகில் சற்றுப் புகைந்தாற்போலக் கேட்ட யார்க், தூரத்தில் அகலமாகவும் தெளிவாகவும் கேட்டது. பழைய அமெரிக்க டியூபாக்களை விடாமல் தேடி வெட்டிக்கொள்வதற்குக் காரணமான குணம் அதுதான்.

ஒரே தடை உயரம். வந்தவர் குள்ளமானவர், நாற்காலியில் டியூபாவை வைத்தால் மவுத்பீஸ் மூக்குக்கு நேராக வந்தது. கழுத்தை நிமிர்த்தி வாசித்தால் மூச்சு அடைபடும். வாய்க்குழலைப் பிரித்து, வளைவை மாற்றித் தாழ்வாகப் பற்றவைக்க என்ன செலவாகும் என்று இருவருமாகத் தொலைபேசியில் விசாரித்தார்கள். பழுதுபார்ப்பவர் சொன்ன 300 டாலரை விலையில் குறைத்து 3,500-க்கு முடித்தார்கள். நீண்ட பேரம் நடக்கவில்லை. கூடவே ஒரு நிபந்தனை இருந்தது: வாங்குபவர் காசோலை கொடுப்பார், விற்பவர் அதை வங்கியில் போடாமல் வைத்திருப்பார், தம் குழுவின் ஒத்திகைகளில் வாசித்துப் பார்த்த பிறகே விற்பனை உறுதியாகும். ஒற்றையாக வாசிக்கும்போது இனிக்கும் டியூபா, டிராம்போன்களோடு சேரும்போது கலக்காமல் போவதுண்டு. டபுள்பாஸ் வரிசையோடு சுருதி சேருமா என்பதும் அங்கேதான் தெரியும். இந்த நிபந்தனை வாசிப்பவர்களுக்குள் மட்டுமே சாத்தியம், அதைக் கேட்க வாங்குபவர் தயங்கவே கூடாது.

அவர் காரில் வந்திருந்ததால் அனுப்பும் தொல்லை மிச்சமானது. இல்லாவிட்டால் கிரேஹவுண்ட் பேருந்துகளின் சரக்குப் பிரிவுதான் அந்தக் காலத்தில் டியூபாக்காரர்களின் வழக்கம். அப்படி அனுப்பும்போது வாத்தியத்தின் எடை பெல்லின் விளிம்பில் இறங்காதபடி, பெல்லின் கழுத்தை நுரைப்பஞ்சு தாங்க வேண்டும்; பிஸ்டன்களைக் கழற்றித் தனியே சுற்ற வேண்டும்; பெட்டிக்கு வெளியே இன்னொரு அட்டைப்பெட்டியும் வேண்டும். காரில் போவதற்கு இவை தேவைப்படவில்லை. பின் இருக்கையில் படுக்கவைத்துப் பட்டையால் கட்டினார்கள். வெட்டியெடுத்த குழல் துண்டுகளைத் துணிப்பையில் போட்டு விற்றவர் கூடவே கொடுத்தார். என்றாவது யாராவது பி ஃபிளாட்டுக்குத் திருப்ப நினைத்தாலும், ஒரு வளைவு நசுங்கி ஒட்டுப் போட வேண்டிவந்தாலும் அதே காலத்து, அதே கனமுள்ள தகடு வேறெங்கும் கிடைக்காது.

ஒத்திகைகள் முடிந்து சம்மதம் வந்ததும் காசோலை வங்கிக்குப் போனது. ரசீதில் தொடர் எண்ணையும் விலையையும் எழுதி, அந்தத் தட்டச்சுத் தாளையும் இணைத்தார்கள். வாங்கியவரின் காப்பீட்டு நிறுவனம் மதிப்புக்கு ஆதாரமாக இரண்டையும் ஏற்றுக்கொண்டது. வசந்தத்துக்குள் வாய்க்குழல் ஒன்றேகால் அங்குலம் தாழ்ந்தது. ஐந்தாம் வால்வின் மெதுவான பேச்சுக்குக் காரணம் தேய்ந்த தாங்கி என்று தெரிந்து அதையும் மாற்றினார்கள். தாழ்ந்த ஈ அப்படியேதான் இருக்கிறது, முதல் இரண்டு வால்வுகளால் சமாளிக்கிறேன் என்று அவர் தொலைபேசியில் சொன்னார்.